லேமினேட் போட்ட ஹால் டிக்கெட்

சாலை பஜார், திருவனந்தபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி தங்கபாண்டிக்கும் பொன்செல்விக்கும் அக்கா உலகம்மாள் எழுதுவது. உங்கள் இருவருக்கும் இசக்கியம்மன் துணை இருக்கட்டும். நான் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, அதனால் சுகம். போனில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "அழாதக்கா" என்று சொல்லிவிடுகிறாய், அதுவரை வராத அழுகை அப்போதுதான் வருகிறது. அதனால் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரீட்சையில் தோற்றுவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். தோற்றால் வீட்டைக் காலிபண்ணிவிட்டு வள்ளியூருக்கே வந்துவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன் அல்லவா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மினி லாரி கொண்டு வா. கட்டில், பீரோ, கிரைண்டர், அப்புறம் உன் அத்தான் சுவரில் வரிசையாக மாட்டிவைத்த என் பதினாலு சர்ட்டிபிகேட்.

அந்தப் பதினாலும்தான் என்னைக் கவிழ்த்தது. தம்பானூர் லாட்ஜ் ஹாலில் அழகுக்கலை ஒருநாள் வகுப்பு என்று நோட்டீஸ் பார்த்தால் போதும், அத்தான் டீக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஃபேஷியலுக்கு ஒன்று, முடி நேராக்க ஒன்று, நகத்துக்கு மட்டும் மூன்று. காலையில் கிரீம் கம்பெனிக்காரி பேசுவாள், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் கோட்டு போட்ட ஒருவர் கையால் சர்ட்டிபிகேட். வீடு வந்து சேருமுன்பே அத்தான் அதை லேமினேட் போட்டுவிடுவார். ரேஷன் கார்டு, எங்கள் கல்யாணப் பத்திரிகை, குக்கர் கேரண்டி கார்டு, அவர் லேமினேட் போடாதது ஒன்றுமில்லை. "மழ ஊருல்லா, நனஞ்சிரும்" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எம் பொண்டாட்டி அஞ்சாங்கிளாஸ்தான், ஆனா பதினாலு பட்டம்" என்பார்.

அவர் போய் ஒன்பது மாதம். நான் வேலை பார்க்கிற பியூட்டி பார்லர் முதலாளி ஜெஸி இந்தக் கடையை மூடிவிட்டு, கோவளத்தில் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் கடை திறக்கிறாள். அங்கே அரசாங்கம் ஒப்புக்கொண்ட தகுதிச் சான்றிதழ் இல்லாதவர் யார் முகத்திலும் கை வைக்கக் கூடாதாம். நான் பதினாலையும் சாக்கில் போட்டுக்கொண்டு போனேன். ஜெஸி பாவம், தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா, இது நீங்க வந்து இருந்ததுக்கு உள்ள பேப்பர். வேல தெரியும்னு சொல்ற பேப்பர் இல்ல." "பன்னெண்டு வருசமா நீ பாக்கத்தானே செய்யிற?" "எனக்கு அறியாம் அக்கா, நல்லாத் தெரியும். கவர்மென்ட்டுக்குத் தெரிய வேண்டாமா?" அன்றைக்கு வீட்டுக்கு வந்து அத்தான் படத்தைப் பார்த்து, பிரியாணிக்கா இத்தனை வருசம் அலைந்தோம் என்று கேட்டேன்.

அனுபவம் இருந்தால் நேரே பரீட்சைக்கு உட்காரலாம் என்றார்கள். ஜெஸி இரண்டு மாதம் மலையாளப் புத்தகத்தை வாசித்துச் சொன்னாள், நான் கேட்டு மனப்பாடம் செய்தேன். டை அடிக்கும் முன்னால் காதுக்குப் பின்னே கொஞ்சம் தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்கணுமாம். பதினாலு வகுப்பில் ஒருத்தியும் இதைச் சொல்லவில்லை தம்பி. நான் எத்தனை பேர் தலையில் பொறுக்காமல் அடித்திருக்கிறேனோ.

பரீட்சை அன்று, மார்க் போட வந்த ஸ்ரீப்ரியா டீச்சர் என் ஹால் டிக்கெட்டை வாங்கிக் கையெழுத்துப் போடப் பார்த்தார், பேனா வழுக்கியது. சீல் வைத்தார், மை அப்படியே என் சேலையில் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆரு லேமினேட் செய்யச் சொன்னது?" "ஆரும் சொல்லல டீச்சர். சொல்லாமலே செய்யுற ஆளு போயிட்டாரு. அதான் நானே போய்ப் போட்டேன்." அவர் அதைத் தனியே ஒரு ஃபைலில் வைத்துவிட்டார். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. மாடலாக வருகிறேன் என்ற காலேஜ் பெண்ணுக்குக் காய்ச்சல். அதனால் பக்கத்து வீட்டு தாசம்மாள்தான் வந்தாள். விழிஞ்ஞத்தில் மீன் எடுத்து இங்கே விற்கிறவள், கூடையைக் கேட்டில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்தாள். என்ன அலங்காரம் செய்ய வேண்டும் என்று சீட்டு எடுத்தால், கல்யாணப் பெண் அலங்காரம்! டீச்சர் ஃபாரம் எழுதுகிறார், "மணமகளுக்கு எத்தர வயசு?" தாசம்மாள் கூச்சமே இல்லாமல், "அறுபத்திரண்டு. மாப்பிள உண்டெங்கில் சொல்லு மோளே" என்கிறாள். ஹால் முழுக்கச் சிரிப்பு.

எல்லாம் செய்தேன், பொட்டு வைக்கிற இடத்தில் கை நின்றுவிட்டது. அத்தான் போனபிறகு கல்யாணப் பெண்களை நான் தொடுவதில்லை. யாரும் சொல்லவில்லை, நானாக ஒதுங்கிக்கொண்டேன். நேரம் ஓடுகிறது, கை வரவில்லை. தாசம்மாள் கண்ணை மூடியபடியே, "எந்தா பெண்ணே? எனக்கும் கெட்டியவன் இல்ல, உனக்கும் கெட்டியவன் இல்ல. நமக்குள்ள என்ன சகுனம்? வேகம் வை, மீனு நாறிடும்" என்றாள். வைத்தேன். பொட்டு நேராகத்தான் உட்கார்ந்தது. தாசம்மாள் முகத்தைக் கழுவாமலே போய்க் கூடையைத் தூக்கினாள், அரை மணி நேரத்தில் மீன் முழுக்கத் தீர்ந்ததாம்.

கையெழுத்தில்லாத ஹால் டிக்கெட், கிழவி மணப்பெண், பொட்டுக்குக் கால் மணி நேரம். யார் பாஸ் போடுவார்கள்? மறக்காமல் லாரி கொண்டு வா. பொன்செல்வியிடம் எனக்காகச் சமையலில் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல். பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். நீ சளிக்கு மருந்து ஒழுங்காகக் குடி.

இப்படிக்கு,
உன் அக்கா உலகம்மாள்

பி.கு.: ஸ்டாம்பு இல்லாததால் நாலு நாள் கடிதம் வீட்டிலேயே கிடந்துவிட்டது. லாரி வேண்டாம். பாஸ். ஸ்ரீப்ரியா டீச்சர் ஹால் டிக்கெட்டில் மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போட்டு, சர்ட்டிபிகேட்டோடு கொடுத்தனுப்பியிருக்கிறார். என் வாக்கை நம்பி முன்னமே லாரி பேசிவைத்திருந்தாய் என்றால் ஒரு மூட்டை அரிசி போட்டுக்கொண்டு சும்மா வந்து பார்த்துவிட்டுப் போ. புதுச் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு லேமினேஷன் கடை வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன், புதுப்பிக்கும்போது அதில் சீல் வைக்கணுமாம். பதினாலுக்கும் நடுவில் வெறும் பேப்பராகவே மாட்டியிருக்கிறேன். மேகம் கறுத்தால் அத்தான் படத்திலிருந்து முறைக்கிற மாதிரியே இருக்கிறது. முறைக்கட்டும். மழை வந்தால் ஜன்னலைச் சாத்த நான் இங்கேதானே இருக்கப் போகிறேன்.