ஒரு தாள் குறையுதே!

தாள்குறைச்சான் என்றொரு பிறவி உண்டு, கண்டிருக்கிறீர்களா? நாம் எந்த மனுவை நீட்டினாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி, முதுகுப்பக்கம் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, "ஒரு தாள் குறையுதே!" என்பார். காசு கேட்க மாட்டார். கேட்டாலாவது தேவலை!

கோவில்பட்டி ரயிலடி காப்பிக்கடையில் அந்த ஸ்தானத்தை வகித்தவர் வேதமுத்து அண்ணாச்சி. முப்பது வருஷம் குமாஸ்தா. ஓய்வு பெற்ற பிறகும் ஆபீஸ் அவரை விட்டுப் போகவில்லை; மனு எழுதுகிறவர்கள் அவரிடம் காட்டிச் சரிபார்த்துத்தான் அனுப்புவார்கள். அவரிடம்தான் போய் மாட்டினான் பசுவந்தனை சங்கரபாண்டி. பட்டாளத்தில் ஏழு வருஷம் இருந்துவிட்டு ரிசர்வில் ஊர் திரும்பியவன். கூப்பிட்டால் மறுபடி துப்பாக்கி தூக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் படிக்கப் போனால் கல்லூரிச் சம்பளத்தை ராஜ்ய சர்க்காரே கட்டும் என்று பேப்பரில் வந்திருந்தது. மாசக் கடைசிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தவறினால் பருத்திக் காடே கதி. வாத்தியார் ஆக வேண்டும் என்று பனிமலையில் காவல் நின்றபோதே கனாக் கண்டவன், மனுவை எழுதி எடுத்துக்கொண்டு காப்பிக்கடைக்கு ஓடினான்.

"பட்டாளத்துப் புஸ்தகத்து நகல் வச்சிருக்கேன், அண்ணாச்சி. வேற ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்காததையும் வைக்கணும்லே! ஊர் முன்சீப்கிட்ட நடத்தைப் பத்திரம் வாங்கிட்டு வா. மனுவையும் புதுசா எழுது."

வாங்கினான், எழுதினான். பத்திரத்தில் தேதி சாய்ந்திருந்ததாம். மனுதாரர் உயிரோடு இருப்பதற்குச் சான்று எங்கே என்றார் அடுத்த வாரம். எதிரே நிற்கிறவன் போதாதா? போதாது! கயத்தாறுக்கும் விளாத்திகுளத்துக்கும் பஸ் ஏறி ஏறி, எதிரிப் படைகூடக் கொடுக்காத அலைச்சலை அனுபவித்து, கடைசித் தேதியன்று வந்து நின்றால், இன்னும் ஒரு தாள் குறைந்தது. வீடு திரும்பியவன் மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

"எந்திரிங்க," என்றாள் மனைவி ஆவுடைத்தாய். "நீங்க மொதல்ல எழுதி, அவிய வேண்டாம்னு தள்ளுன மனு, அந்தப் புஸ்தக நகலோட பெட்டியில சும்மாதான கெடந்துச்சு? நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி அன்னைக்கே தபால்ல போட்டுட்டேன். சொன்னா அண்ணாச்சிகிட்டல்லா ஓடியிருப்பீங்க!"

அடுத்த மாசம் உத்தரவு வந்தது. கல்லூரிச் சம்பளம் முழுக்க சர்க்கார் பொறுப்பு! சந்தோஷத்தில் புத்தி கெட்டு, அதையும் கொண்டுபோய் வேதமுத்துவிடம் நீட்டினான். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. தாள் திரும்பியது.

"கெடச்சது சரிதாம்லே. ஆனா ஒரு தாள் குறையுதே!"

"வாரேன் அண்ணாச்சி" என்று உத்தரவைப் பிடுங்கிக்கொண்டு கல்லூரிக்கு பஸ் ஏறினான் சங்கரபாண்டி.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும், 'எல்லாம் சரி, இதில் என்னவோ ஒன்று குறைகிறதே' என்று இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறீர்கள் பாருங்கள், அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள், அண்ணாச்சி.