வலி என்று திருத்தி வாசிக்கவும்

தாராவி,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் மரியாதைக்குரிய, மான்குர்தில் தனியாக வாசம்பண்ணும் அப்பாவுக்கு, மகன் ஜெபசெல்வின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தை ஞாயிற்றுக்கிழமை செம்பூர் ஹால் ஆராதனையில் நீங்களே மைக் பிடித்து அறிவித்துவிட்டதால் விசாரிக்கவில்லை.

விஷயம் ஓர் எழுத்துப்பிழை. எங்கள் ராக் பேண்டின் பெயர் 'புதிய ஏற்பாடு'. உங்களைக் குத்திக்காட்ட வைத்ததில்லை. அம்மாவுக்கு ஆப்பரேஷன் நடந்த வாரமே "எனக்கு அமைதி வேணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய் மான்குர்தில் நீங்கள் ஒரு புதிய ஏற்பாடு செய்துகொண்டீர்களே, அதற்கு முன்பே வைத்த பெயர். அதன்பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பழைய ஏற்பாடு: பஞ்சம், கொள்ளைநோய், புலம்பல். பேண்டில் பாடுகிற பெரியப்பா மகன் எட்வின்ராஜ் வந்து, "அரே யார், சொந்தக் கஷ்டம் எதையாவது பாட்டா எழுதிக் குடு லே. ஜனங்க அழணும், அப்புறம் ஆமென் சொல்லணும்" என்றான். கஷ்டத்துக்கா நம் வீட்டில் பஞ்சம்? எழுதினேன். கோபர்கைரனேயில் வளர்ந்த அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆகவே வாட்ஸப்பில் இங்கிலீஷ் எழுத்தில் அனுப்பினேன். அதில் வலியும் vali, வழியும் vali. 'நீரே என் வலி' என்று நான் எழுதியதை அந்தப் பயல் 'நீரே என் வழி' என்று படித்துவிட்டான். பாடும்போதோ அவன் நாக்கில் ழ வராது. வாழைப்பழமே அவனுக்கு வாலப்பலம்தான். அதனால் நான் எழுதினதைத்தான் பாடினான், அவனுக்கே தெரியாமல். ஹாலில் இருந்தவர்கள் பெரிய மனசு பண்ணி அதை வழியாகத் திருத்திக் கேட்டுக்கொண்டார்கள். 'நீரே' என்றது கர்த்தரை என்று வேறு முடிவு கட்டிவிட்டார்கள். நம்மூர்ப் பேச்சில் மனுஷனுக்கும் நீர்தான் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை, உங்களுக்கும்கூட.

கிடார் ஓயறதுக்குள்ள கடைசி வரிசையிலேருந்து எழுந்து வந்துட்டீங்க. டிரம்ஸுக்குப் பின்னால உட்கார்ந்திருந்த என்னைக் கட்டிப்பிடிச்சு, "என் மவன் எனக்கு வழி காட்டிட்டான்! வார ஞாயித்துக்கிழமை வீட்டுக்குத் திரும்புதேன்!"னு மைக்கில் ஒரே அழுகை. ஜனங்க எழுந்து நின்னு கை தட்டுறாங்க. பாஸ்டர் ஐயா கெட்ட குமாரன் திரும்பி வந்த கதையை ஆரம்பிச்சுட்டார். குமாரன் நான் இங்கேயேதான் இருக்கேன், கெட்டது வேற ஆளுன்னு சொல்ல என்கிட்ட மைக் இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்த அம்மாகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. பஸ்ஸில் நான் கேட்டேன். "அவ்வளவு பேரு கை தட்டும்போது வேண்டாம்னு எப்படிலே சொல்ல?"ன்னா. தையல் போட்ட பக்கத்தை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே தாராவி வரைக்கும் வந்தா.

ஆகவே தயவுசெய்து வலி என்று திருத்தி வாசிக்கவும். பாட்டு உங்களைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா கூப்பிட்டபோது வராதவர் கிடாருக்காக வரவேண்டாம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் அமைதியையும் மான்குர்திலேயே வைத்து ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மகன்,
ஜெபசெல்வின்

பி.கு.: கடுதாசியை அம்மா படிச்சுட்டா. மடிச்சுக் கவருக்குள்ள போட்டுக் குடுத்துட்டா. ஞாயித்துக்கிழமை வந்தா கீழே நின்னே கூப்பிடுங்க. மாடி ஏணியில ஒரு படி ஆடுது, எதுன்னு உங்களுக்குத் தெரியாது. நான் இறங்கி வாரேன்.