வாசிப்பது டிப்ளோமாவில்தான்

மனிதகுலம் இசைக்குச் செய்த தொண்டுகளில் தலையாயது, அதை வாசிக்காமல் விட்டதுதான். இந்தப் பேருண்மை வெள்ளவத்தையில் கண்டறியப்பட்டது. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், பல் வைத்தியரின் அறைக்கு மேல்மாடியில், 'ஸ்வரசாகரம் மின்னிசை உயர்கல்வி நிலையம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. கண்டறிந்தவர் அதன் பணிப்பாளர் சவுந்தரநாயகம் அவர்கள். நான் அவருடைய மாணவன், வெங்கடேஸ்வரன். புறக்கோட்டையில் முப்பத்தைந்து வருடம் புடவைக்கடை நடத்தி, அதை மகன் ஸ்ரீனிவாஸிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவன்.

நான் சேர்ந்த காரணம் அற்பமானது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "என் அறுபதாம் கல்யாணத்துக்கு நானே கீபோட் வாசிப்பேன்" என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அதற்குப் பத்து மாதம் இருந்தது.

"சொன்னா செய்யணுங்க," என்றாள் என் மனைவி விசாலம். "உங்க அக்கா வேற கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

அக்கா மறக்க மாட்டாள். மறுநாளே பம்பலப்பிட்டியில் அறுநூற்றி இருபது ஒலிகள் கொண்ட ஒரு கீபோட் வாங்கினோம்.

"வாசிக்கப் பழக வந்தனீங்களோ?" என்று முதல் நாள் பணிப்பாளர் கேட்டார்.

"ஆமாங்க சேர்."

"எல்லாரும் இப்பிடித்தான் வருகினம்." அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. "முதல்ல ஒலியைத் தெரிவு செய்யத் தெரியவேணும். பிழையான ஒலியில சரியா வாசிக்கிறதை விட, சரியான ஒலியில வாசிக்காமல் இருக்கிறது மேல்."

எனக்குப் புல்லரித்தது.

முதலாம் நிலை, 'மின்னிணைப்பு ஒழுக்கம்'. ப்ளக்கைச் செருகுவது, ஆளியைப் போடுவது, திரையில் 001 என்று வந்ததும் நிமிர்ந்து உட்காருவது. மூன்று மாதம். இரண்டாம் நிலையில் எண்ணை அடித்துப் பியானோவிலிருந்து புல்லாங்குழலுக்கும், புல்லாங்குழலிலிருந்து வயலினுக்கும் போக வேண்டும். போனால் போதும். ஸ்வரக் கட்டையைத் தொடக்கூடாது. சத்தம் எப்போதும் பூச்சியத்தில் இருக்க வேண்டும்.

என் பக்கத்தில் ஷிம்னா என்ற பெண் இருந்தார். தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் வரும் வங்கி உத்தியோகத்தர். நான்காம் மாதம் அவர் பொறுமை இழந்தார்.

"சேர், நாங்க எப்ப வாசிக்கிற?"

"'விரல் பதித்தல்' டிப்ளோமாவிலதான் வரும்."

"டிப்ளோமா எப்ப தொடங்கும்?"

"பாடத்திட்டக் குழு கூடினவுடன."

"குழுவில யாரு ஈக்கிறாங்க?"

"நான்தான்."

"அப்ப கூடுங்களேன் சேர்!"

"ஒராள் தனிய எப்பிடிப் பிள்ளை கூடுறது?" என்றார் பணிப்பாளர்.

ஷிம்னா அடுத்த வாரம் வரவில்லை. வரவுப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'அவசரம்' என்று எழுதப்பட்டது.

ஆறாம் மாதம் எனக்கு வாய்மொழிப் பரீட்சை.

"இருநூற்றி எழுபத்து மூன்று?"

"ஓபோ, சேர். மேல்நாட்டுக் குழல்."

"ஓபோவின்ர சத்தம் எப்பிடி இருக்கும்?"

"தெரியாதுங்க சேர்."

"அதிவிசேட சித்தி!" என்று மேசையில் தட்டினார். "கேட்டிருந்தா விருப்பு வெறுப்பு வந்திருக்கும்."

அந்தச் சான்றிதழோடு வீடு திரும்பிய பின்னேரம்தான் விபரீதம் நடந்தது. மூன்றாம் மாடிப் படியில் வரும்போதே எங்கள் வீட்டுக்குள்ளிருந்து இசை கேட்டது. கதவைத் திறந்தேன். அடுப்பில் சோறு கொதிக்க, விசாலம் கீபோட்டுக்கு முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். நான்கு விரல்தான். ஆனால் பாட்டு.

"விசாலம்! இது எத்தனையாம் நம்பர்?"

"நம்பரெல்லாம் யாருங்க பார்த்தா? ஒரு பொத்தானை அமுக்குனேன், பூனை கத்துற மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு அமுக்குனேன், நல்லா இருந்துச்சு. அப்புறம் எந்தக் கட்டை எந்தச் சத்தம்னு தடவிப் பார்த்தேன். மூணு வாரமா இதான் வேலை."

"பிழையா வாசிச்சா?"

"பிழையா கேட்குங்க. உடனே மாத்திக்குவேன்."

இப்படி ஒரு காட்டுமிராண்டி முறையை நான் கேள்விப்பட்டதே இல்லை. பணிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் நிலைமையின் பாரதூரத்தை உணர்ந்து, வயரைக் கழற்றி என் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படியே செய்தேன். விசாலம் அடுப்படிக்குத் திரும்பினாள். சோற்றை வடித்தாள். அதன்பிறகு நான்கு மாதம் எங்கள் வீடு மிகவும் அமைதியாக இருந்தது. அதை நான் ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அறுபதாம் கல்யாண நாள் வந்தது. வெள்ளவத்தை மண்டபம் நிறைந்திருந்தது. பணிப்பாளர் முன் வரிசையில். கலசநீர் ஊற்றி, மறுபடி தாலி கட்டி, பந்தி தொடங்கியதும் பட்டு வேட்டியோடு கீபோட்டுக்கு முன்னால் அமர்ந்தேன்.

"எண் சொல்லுங்கள்!" என்று சபையைக் கேட்டேன்.

"நானூற்றிப் பன்னிரண்டு!"

"சித்தார்!" அடித்தேன். திரையில் சித்தார்.

"எண்பத்தி ஏழு!"

"எக்கோடியன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இருபது நிமிடம் ஒரு பிழையில்லை. அப்போது கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த என் பழைய பக்கத்துக் கடைக்காரர் புஷ்பராஜ், வடையைக் கையில் வைத்துக்கொண்டே, "சரி அண்ணே, இப்ப ஒண்ணு வாசிங்க" என்றார்.

"அது டிப்ளோமாவில்."

"இல்லண்ணே, சும்மா ஒண்ணு."

அக்கா இலையிலிருந்து நிமிர்ந்தாள். விரல்களைத் தூக்கிக் கட்டைகளுக்கு மேல் பிடித்தேன். பத்து மாதக் கல்வி அவற்றைக் கீழே விடவில்லை. காது சூடாகி, வியர்வை மாலைக்குள் இறங்கியது. எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து விசாலத்தின் கை நீண்டது. சத்தத்தைக் கூட்டி, ஒரு பொத்தானை அமுக்கி, கட்டையைத் தொட்டு முகத்தைச் சுளித்தாள். இன்னொன்றை அமுக்கித் தலையாட்டினாள். பிறகு, கழுத்தில் மாலையோடு, அந்த நான்கு விரலால் வாசிக்கத் தொடங்கினாள். பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். புஷ்பராஜ் வடையை மறந்தார். திரையைப் பார்த்தேன். இருநூற்றி எழுபத்து மூன்று. ஓபோவின் சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சான்றிதழைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்து, ஒருவரிடமும் சொல்லவில்லை.

பணிப்பாளர் என்னை ஓரமாக அழைத்தார். சான்றிதழ் போயிற்று என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பற்றிக்கொண்டார்.

"மற்ற மாணவர் எல்லாரும் வீட்டில களவாப் பழகி வாசிச்சுப்போட்டினம். இவ்வளவு சனத்துக்கு முன்னால, இவ்வளவு கேட்டும், ஒரு கட்டையைக்கூடத் தொடாத ஒரே ஆள் நீங்கள்தான். வாற மாதம் நீங்கள் விரிவுரையாளர்."

இப்போது நான் ஒலித் தெரிவியல் துறைத் தலைவர். என்னிடம் முப்பத்தி நான்கு மாணவர்கள்.

விசாலமும் சும்மா இருக்கவில்லை. மண்டபத்தில் கேட்ட பெண்கள் வீடு தேடி வந்தார்கள். முதலில் வந்தவர், என் அழைப்பின் பேரில் மண்டபத்துக்கு வந்திருந்த ஷிம்னா. இரண்டே வாரத்தில் அவர் இரண்டு கையாலும் வாசித்தாராம். கல்வியின் தரம் கருதி நிலையம் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. விசாலம் கண்ணாடியைத் தேடிக் கிடைக்காமல், என்னையே வாசிக்கச் சொன்னாள்.

"'தகுதியற்ற நபரொருவர் பொதுமக்களுக்கு வாசிக்கக் கற்பிப்பதாக அறிகிறோம். இதனை உடன் நிறுத்தவும்.'"

"கீழ யாருங்க கையெழுத்து?"

"துறைத் தலைவர்."

"அவருக்கு வாசிக்கத் தெரியுமா?"

பதவியின் கௌரவம் கருதி நான் கடிதத்தை நீட்டினேன். அவள் கடிதத்தை வாங்கி நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கீபோட் ஸ்டாண்டின் காலுக்குக் கீழே செருகினாள். ஆட்டம் நின்றது.

"புதன்கிழமை பின்னேரம் ஒரு இடம் காலியா இருக்குங்க," என்றாள். அவள் குரலில் கேலியே இல்லை. "வந்து உட்காருங்க. ரெண்டு வாரத்துல வந்துடும்."

"புதன்கிழமை முடியாது விசாலம்," என்றேன். "அன்றைக்கு எனக்கு வகுப்பு. முப்பத்தி நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவரும் வாசித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்."