இரண்டு கையையும் தூக்கிய தலைவர்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஸ்காபரோவில் இடியப்பக் கடை போட்டேன். ‘இந்தக் குளிருக்குள் இடியப்பம் ஆர் வாங்குவான்’ என்று கேட்டவர்களே பிறகு சம்பலுக்கு வரிசையில் நின்றார்கள். மூன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை தள்ளிக்கொண்டு போனேன். வீட்டின் பின்பக்கத்துப் பலகைத் தளம் நானே அறுத்து, நானே அடித்தது. (கொஞ்சம் சரிவுதான். மழைத்தண்ணீர் ஓட வேண்டாமா?) பனிக்காலத்தில் கோயிலுக்கு வருகிறவர்கள் சப்பாத்துக் கழற்ற ஒரு சூடான அறை வேண்டுமென்று சண்டை பிடித்து, அதையும் கட்டுவித்தேன்.

இதையெல்லாம் சனம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் நான் ஒரு மாகாண சபையும் கட்டினேன் என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறது. கட்டினேன் ஐயா! மோர்னிங்சைட்டில், ஒரு மாடிக் கட்டடத்தின் நிலவறையில், பிலிப்பைன்ஸ் நாட்டு முறைப்படி.

எண்பத்தெட்டாம் ஆண்டு. நாங்கள் இருந்த கட்டடத்தில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். என் மனைவி பவளம் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பெருகிப் பெருகி, கடைசியில் இரண்டு பேர் குளியல் தொட்டிக்குள் இருந்து ஆனா ஆவன்னா எழுதினார்கள். கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தார். இனி வீட்டில் வகுப்பு வைக்கக்கூடாது என்று கட்டட மனேஜர் சொல்லிவிட்டார்.

நிலவறையில் ஒரு பெரிய அறை சும்மா கிடந்தது. பவளம் போய்க் கேட்டாள். அதே கிழமை அவளுடைய தம்பி சின்னராசாவும் தன் கூட்டத்தோடு போய் அதே அறையைக் கேட்டிருக்கிறான், சனிக்கிழமைகளில் முந்நூற்றிநாலு விளையாட. (சீட்டாட்டம். யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள் சோறில்லாமல் இருப்பார்கள், இது இல்லாமல் இருக்க மாட்டார்கள்.)

மனேஜருக்குத் தலை சுற்றியது. “ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சங்கம் எண்டு வந்து நிக்கிறியள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சபையைத் தெரிவு செய்யுங்கோ. அது வாக்கெடுத்து ஒரு முடிவு சொல்லட்டும். இல்லாட்டி அறையைப் பூட்டிப் போடுவன்.” (அவர் சொன்னது ஆங்கிலத்தில். எனக்கு விளங்கியது இப்படி.)

“இந்த அறை கிடைக்காட்டி வகுப்பு அவ்வளவுதான்,” என்றாள் பவளம். “உவையளை ஒரு சபையாச் சேர்க்க உங்களால ஏலுமோ?”

“என்ன கதை கதைக்கிறாய்? சபையைக் கட்டி, தலைமைக் கதிரையில நானே இருந்து, அறையை உன்ரை கையில தாறன். இல்லாட்டிப் பேரை மாத்து.”

கடை போடுமுன் நான் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவன் றேமன். பிலிப்பைன்ஸ்காரன். அங்கே தன் மாகாண சபை அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் அவனுடைய நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருந்தது. வாயைத் திறந்தால் அதே கதை. நான் என் பிரச்சினையைச் சொன்னதும் மேசையைத் துடைத்துவிட்டு உப்புப் போத்தலை நடுவில் வைத்தான்.

“இது கவர்னர். எங்கட நாட்டில சனம் வாக்குப் போட்டுத்தான் இவரைத் தெரிவு செய்யும். மாகாண சபையை நடத்துறதும் இவர்தான்.” மிளகுத்தூள் போத்தலைப் பக்கத்தில் வைத்தான். “இது துணைக் கவர்னர். இவரும் தேர்தலில வந்தவர்.” பிறகு என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த வடைகளை எடுத்துச் சுற்றிவர அடுக்கினான். “இவை உறுப்பினர்கள். மாகாணம் முழுக்கச் சேர்ந்து எல்லாருக்கும் வாக்குப் போடும். பெரிய மாகாணத்துக்குக் கூடப் பேர், சின்னதுக்குக் குறையப் பேர்.”

“வடையளுக்குப் பக்கத்தில வைச்ச இந்தத் தோடம்பழமும் வாழைப்பழமும்?” என்று கேட்டேன்.

“அதுதான் விசேஷம். கிராமத் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து தங்களுக்கு ஒரு தலைவரைத் தெரிவு செய்வினம். அந்தப் பதவியில இருக்கிற ஒரே காரணத்தால அவருக்குச் சபையிலயும் ஒரு கதிரை. இளையோர் சங்கத் தலைவருக்கும் அப்பிடித்தான். இந்த ரண்டு பேருக்கும் நியமனம் குடுக்கிறது நாட்டின்ரை ஜனாதிபதி.”

எனக்கு உடம்பு புல்லரித்தது. (அந்தப் புல்லரிப்பில் ஒரு உறுப்பினரைச் சாப்பிட்டும் விட்டேன்.) றேமன் மேலும் ஏதோ சொன்னான். உப்புப் போத்தல் எப்போது வாக்குப் போடலாம், எப்போது போடக்கூடாது என்று என்னவோ. நான் கவனிக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய கதிரை இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குக் காது வேலை செய்யாது.

அன்று பின்னேரமே மனேஜரிடம் போய், “எல்லாம் இந்த மனிசன்ரை நாட்டு முறைப்படி. சந்தேகம் வந்தால் இவரிட்டக் கேளுங்கோ,” என்று றேமனை முன்னால் தள்ளிவிட்டேன்.

ஆனால் நான் சும்மா பார்த்து எழுதுகிற ஆள் இல்லை. திருத்தம் செய்தேன். உதவித் தலைவர் என்று ஒருவரை வைத்தால் அவர் என் கதிரையையே பார்த்துக்கொண்டிருப்பார், மிளகுத்தூளை நீக்கினேன். எல்லாரும் எல்லாருக்கும் வாக்குப் போட்டால் பெரிய ஊர்க்காரர் எல்லாக் கதிரைகளையும் பிடித்துவிடுவார்கள். எனவே தொகுதிகளாகப் பிரித்தேன். மாடிகளால் அல்ல. ஊரில் அவரவர் பிறந்த ஊர்களால்.

றேமன் கண்ணை விரித்தான். “மூண்டாம் மாடியில இருக்கிறவருக்கு ஒரு கடலுக்கங்கால இருக்கிற கிராமம் தொகுதியோ?”

“அது உனக்கு விளங்காது. மாடியாலே பிரிச்சா எங்கடை ஆக்கள் வாக்குப் போட வரமாட்டினம்.”

வந்தார்கள், நன்றாகவே வந்தார்கள். அளவெட்டிக்காரர் வடக்குக்கும் தெற்குக்கும் வெவ்வேறு கதிரை கேட்டார்கள். கரவெட்டியிலிருந்து ஒரேயொரு பெடியன். தனக்குத் தானே வாக்குப் போட்டு ஏகமனதாக வென்றான். மட்டக்களப்பிலிருந்து ஒரு குடும்பம்தான் இருந்தது. அவர்கள் மட்டும் சண்டையில்லாமல் ஒருவரை அனுப்பினார்கள். நான் தொகுதிகளை வெட்டி வெட்டிக் கடைசியில் பதினொரு ஊர் உறுப்பினர்கள்.

கிராமத் தலைவர்களுக்குப் பதிலாக மாடித் தலைவர்களை வைத்தேன். உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு முறை பார்ப்பதுதான் அந்த வேலை என்று எண்ணி ஆம்பிளைகள் ஒருவரும் கேட்கவில்லை. எல்லா மாடிக்கும் பெண்கள் வந்தார்கள். தங்கள் தலைவியாகப் பவளத்தைத் தெரிவு செய்தார்கள். இளையோர் தலைவியாக ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை வந்தாள். நியமனம் கொடுக்க ஜனாதிபதி இல்லாதபடியால் அதையும் நானே கொடுத்தேன்.

தலைமைக் கதிரைக்குப் போட்டியே இல்லை. நான் அங்கே ஏறியதும் எங்கள் ஊர்த் தொகுதி காலியானது. அதில் இருந்தது எங்கள் வீடும் சின்னராசா வீடும் மட்டும்.

“அத்தான், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ,” என்றான் அவன். “ஊரை நான் பாத்துக்கொள்ளுறன்.”

பாத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிலவறையில் முதல் கூட்டம். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு நடுவில் இருந்தேன். மூலையில் மனேஜர், பக்கத்தில் றேமன். சுவரோடு கட்டடமே நின்றது. வகுப்பா, சீட்டா? கை தூக்கச் சொன்னேன்.

வகுப்புக்குப் பவளம், அந்தப் பிள்ளை, மட்டக்களப்புக்காரர், மனைவிமார் முறைத்துக்கொண்டிருந்த வேறு மூன்று பேர். ஆறு. சீட்டுக்கும் ஆறு. சின்னராசா மட்டும் மிச்சம். பவளம் தம்பியைப் பார்த்த பார்வையில் கல்லும் கரைந்திருக்கும். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சீட்டுக்குக் கையைத் தூக்கினான்.

“அக்கா, மன்னிச்சுக் கொள். தொகுதி மக்களின்ரை விருப்பம்.”

(தொகுதி மக்களில் பாதி நாங்கள்!)

நான் எழும்பி வலது கையைத் தூக்கினேன். “தலைவரின்ரை வாக்கு வகுப்புக்கு! ஏழுக்கு ஏழு!”

மனேஜர் றேமனைப் பார்த்தார். றேமன் தயங்கித் தயங்கி எழும்பினான். “தலைமை தாங்குறவர் வாக்குச் சமனா வந்தால் மட்டும்தான் போடலாம். அண்டைக்கே சொன்னனான், நீ வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.”

“இப்ப சமன்தானே!”

“நீ போட்டதாலதானே சமன்?”

“அப்ப சமனை உடைக்க இன்னொருக்கால் போடுறன்!” என்று இடது கையையும் தூக்கினேன்.

இரண்டு கையையும் தூக்கியபடி, பொலிஸ் மடக்கிப் பிடித்த ஆள் மாதிரி நான் நிற்க, கட்டடமே சிரித்தது. கரவெட்டிப் பெடியன் நிலத்தில் இருந்து சிரித்தான். யாரோ படமும் எடுத்துவிட்டார்கள். நான் மட்டும் பெரிய கதிரைக்கு ஆசைப்படாமல் எங்கள் ஊர் உறுப்பினனாக இருந்திருந்தால் ஏழுக்கு ஆறில் வகுப்பு வென்றிருக்கும். இதை எனக்கு அங்கேயே விளக்கியது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. மனேஜர் அறைக் கதவின் திறப்பைச் சின்னராசாவிடம் கொடுத்தார்.

பவளம் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “சபை சொன்னதைக் கேப்பம்,” என்றாள். “பிள்ளையள் அறைக்குள்ள வரக்கூடாதெண்டு சபை சொல்லேல்லைத்தானே?”

அடுத்த சனிக்கிழமை அவள் அத்தனை பிள்ளைகளையும் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு தகப்பனுக்குப் பின்னாலும் அவரவர் பிள்ளையை நிறுத்தினாள்.

“அப்பாவின்ரை கையில எத்தினை சீட்டு? தமிழில எண்ணுங்கோ.”

“ஒண்டு, ரண்டு, மூண்டு… அன்ரி, ஜாக் ரண்டு கிடக்கு!”

“கெட்டிக்காரன். மேசையில கவிழ்த்து வைச்சிருக்கிறது என்ன?”

“துரும்பு! அப்பா ஆட்டின் வைச்சவர்!” என்றாள் சின்னராசாவின் மகள். (ஆட்டின் என்றால் சிவப்பு இதயச் சீட்டு. துரும்பு எது என்று வெளியில் தெரிந்தால் ஆட்டம் போச்சு.)

“அக்கா, இதென்ன அநியாயம்!”

“தம்பி, பாடம் நடக்குது. சத்தம் போடாதை.”

மூன்றாம் கிழமை சீட்டு மேசைகளில் ஆள் இல்லை. நான்காம் கிழமை சின்னராசாவே திறப்பைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தான். மகள் எட்டு வரை (ஒரு கைக்கு எட்டுச் சீட்டுத்தான்) தமிழில் எண்ணுகிறாள் என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த வகுப்பு இன்று இரண்டு மாடிப் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டிலோ, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, மகளின் கலியாணத்துக்கு எங்கே மண்டபம் எடுப்பது, எதற்கு நான் வாய் திறந்தாலும் பவளம் சொல்வாள்: “சமன் வந்தால் கேக்கிறம்.” பேரப்பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். பீற்சாவா, கொத்துரொட்டியா என்று வந்தால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நிற்பார்கள்.

றேமன் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு செய்தி சொன்னான். அவனுடைய நாட்டில் சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். மாகாண சபை உறுப்பினர்களை இப்போது தொகுதி தொகுதியாகத் தெரிவு செய்கிறார்களாம். சபையை நடத்துவதும் கவர்னர் இல்லையாம், துணைக் கவர்னராம். தொகுதி யோசனை முதலில் யாருக்கு வந்தது? பெரிய கதிரையில் இருக்கிறவனைச் சபையை நடத்த விட்டால் என்ன நடக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது யார்? அவர்கள் என்னைக் கேட்டு எழுதவில்லை, போகட்டும்.

ஆனால் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரை என்னால் விட முடியாது. ‘நிறுவியவர்: பவளம் அன்ரி’ என்று முழுப் பக்கம், படத்தோடு. சரி, நியாயம். ‘உதவியவர்: சின்னராசா அங்கிள்’ என்று அரைப் பக்கம்! திறப்பைத் திருப்பிக் கொடுத்ததற்காம். அப்படியென்றால் அந்த வாக்கெடுப்பில் தோற்றது யார்? நான் ஒழுங்காக வென்றிருந்தால் பிள்ளைகள் சீட்டு மேசைக்குப் பின்னால் நின்றிருப்பார்களா? சின்னராசா மனம் மாறியிருப்பானா? மலர்க் குழுவினர் இதை வாசிக்கிறார்கள் என்று தெரியும். அடுத்த மலரில் என் பெயரைப் போடுங்கள். கால் பக்கம் போதும். ‘முதல் தலைவர்’ என்று போடுங்கள். படமும் போடலாம், உங்களிடம் இருக்கிற அந்தப் படமே ஆனாலும் பரவாயில்லை.