குங்கிலியத்தில் ஒரு குளவி

திருத்தணி மலைக்கு ஏறுகிறவர்கள் எல்லாரும் முருகனைப் பார்க்க ஏறுவார்கள். அங்கே எரிகிற ட்யூப் லைட்டைப் பார்க்க ஏறிய ஒரே மனிதர் எங்கள் பூச்சி சார்தான். மழை ஓய்ந்த மாலைகளில் பூச்சி மொய்க்கும் அந்த லைட்டுக்குக் கீழே அண்ணாந்து நிற்பார். ஏதோ தரிசனம் தெரிகிறது போல என்று பின்னால் நாலு பேர் அண்ணாந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். வீட்டுக்கார ஜெயம்மாவின் மாடிப் போர்ஷனில் அவர், கீழ்ப் போர்ஷனில் நான். அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை கே.ஜி.கண்டிகை டீக்கடையில் என் கிளாஸில் ஈ விழுந்தது. வேறு டீ கேட்க வாயைத் திறந்தேன். "இருங்க சார், இது நம்ம வூட்டு ஈ இல்ல" என்று பூச்சி சார் தீக்குச்சியால் அதைத் தூக்கி, ஊதி உலர்த்தி, டப்பாவில் போட்டுக்கொண்டார். பேச்சு மும்முரத்தில் அந்த டீயையும் அவரே குடித்துவிட்டார். கனகம்மாசத்திரத்துக்குப் பெண் பார்க்கப் போனவர், ஜன்னலில் கூடு கட்டிக்கொண்டிருந்த குளவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எப்படி மாப்ள, புடிச்சிருக்கா?" என்று பெண்ணின் மாமா கேட்டார். "ரொம்ப சுறுசுறுப்பு. ஆனா கொட்டும்" என்றார் இவர். சம்பந்தம் அந்த பஜ்ஜித் தட்டோடு முடிந்தது.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தத் துண்டு வந்து சேர்ந்தது. குஜராத் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த பழைய மாணவர் யாரோ அனுப்பியது. தேன் நிறத்தில், புளியங்கொட்டை அளவு. ஆம்பர் என்றார். ஐந்து கோடி வருஷத்துக்கு முன் ஒரு மரத்தில் வடிந்த பிசின், கல்லாக இறுகிவிட்டதாம். அதற்குள் எள் அளவில் ஒரு குளவி, நேற்றுத்தான் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அதன்பின் மனிதருக்குச் சோறு தண்ணீர் இல்லை. பிசினை உப்புத்தாளில் தேய்ப்பார், பல்பொடி போட்டு மெருகேற்றுவார், மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து மீசையையும் இறக்கை நரம்பையும் வரைவார். உலகத்தில் இதுவரை யாரும் எழுதாத புது இனம் இது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எழுதி அனுப்ப வேண்டியதுதானே சார்?" என்றேன்.

"எழுதிகினுதான் கீறேன். ஆனா உலகத்துல இது ஒண்ணுதான் கீது. நாளைக்கு எவனாவது காட்டுன்னு கேட்டா காட்டணும். இது போச்சுன்னா நான் எழுதுனதெல்லாம் கட்டுக்கதை."

ஆடிக் கிருத்திகை வந்தது. தெரு முழுக்கக் காவடி. பூச்சி சார் மெருகேற்றிய பிசினைக் கழுவி, ஜன்னல் திண்டில் சாஸரில் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஜெயம்மா தூபக்காலோடு மாடிக்கு வந்தார். கிருத்திகையன்று எல்லாப் போர்ஷனுக்கும் தூபம் காட்டுவது அவர் வழக்கம். கையில் இருந்த குங்கிலியம் கீழேயே தீர்ந்துவிட்டது. ஜன்னலில் பார்த்தால் சாஸரில் ஒரு துண்டு. பாவம், பிள்ளை தூபத்துக்கு எடுத்து வைத்திருக்கிறது என்று தணலில் போட்டுவிட்டுப் படியிறங்கி வாசலுக்குப் போய்விட்டார்.

"யாரு கொளுத்தனது!" என்று பாத்ரூமிலிருந்து ஒரு அலறல். ஐந்து கோடி வருஷத்துப் புகையை மூக்கு கண்டுபிடித்துவிட்டது. இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் சோப்பு நுரை. அப்படியே ஓடிவந்து, வாசலில் தணலுக்குள் கையை விட்டு அள்ளினார். சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றிக்கொண்டு குதித்தார்.

காவடிக் கூட்டம் நின்றது. பம்பைக்காரர் அடியை மாற்றினார். "சாமி வந்துட்ச்சு! அரோகரா!" என்று யாரோ விபூதியை அள்ளி நுரைமேல் பூசினார். ஒரு அம்மா காலில் விழுந்து, "எம் பையனுக்கு எப்ப சாமி நல்லது நடக்கும்?" என்றாள்.

பூச்சி சார் பிசின் துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணில் நீர். "ஒரு றெக்க போச்சு... இன்னொன்னு கீது... பொழச்சிகிச்சு!"

"பொழச்சிகிச்சாம்! அரோகரா!" என்றது தெரு. அந்த அம்மா நிம்மதியாக மலையேறினாள்.

ஜெயம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானே கொளுத்திட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு பூச்சி சார் போய் எதிரில் உட்கார்ந்தார். "அக்கா, அந்த மரமும் குங்கிலிய மரத்துக்குச் சொந்தந்தான். தப்பு உங்களுது இல்ல. எழுந்து சாப்புடுங்க."

மிஞ்சிய ஒற்றை இறக்கை போதுமானதாக இருந்தது. கட்டுரை வெளிவந்தது. வலது இறக்கை எரிந்துபோனது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். புது இனத்துக்கு முருகன் பெயரைத்தான் வைப்பார் என்று ஊர் நினைத்தது. அவர் வைத்தது ஜெயம்மாவின் பெயரை.

"இன்னாத்துக்கு நைனா எம்பேரு? நான் கொளுத்துனவ."

"உங்க கையாலதான்க்கா ஐஞ்சு கோடி வருஷம் கழிச்சு அதுக்கு ஒரு தூபம் கெடச்சுது."

பிறகு தெற்கே எங்கோ மாற்றலாகிப் போனார். மாடியில் வேறு ஆள் வந்தாயிற்று. நல்ல மனிதர், டீயில் ஈ விழுந்தால் கொட்டிவிடுகிறார். எனக்கென்னவோ ஒட்டவில்லை.

ஜெயம்மா இன்றும் கிருத்திகைதோறும் தூபம் காட்டுகிறார். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் தணலில் போடுகிறார். போன கிருத்திகையில் ஒரு துண்டுக்குள் எறும்பு இருந்தது. அதை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"வரும்போது குடுக்கலாம். புள்ள சந்தோசப்படும்."