மாடி அறை விஷயமாக, இரண்டு பூங்காக்களுக்கு நடுவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், எட்டு ஈரக் காலுறைகளைக் குளியலறையில் வரிசையாகப் பரப்பி, தலைமுடி உலர்த்துகிற கருவியால் ஒவ்வொன்றாகக் காய வைத்ததுதான். இரண்டாவது காரியம் இந்தக் கடிதம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள். அத்தானின் முழங்கால், இது வந்து சேர்வதற்குள் படி ஏறி இறங்கும் அளவுக்குத் தேறியிருக்கட்டும். நாங்கள் நான்கு பேரும் நலம். தாளின் தலைப்பில் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற திமிங்கிலத்தைப் பார்த்து மிரளாதே, காகிதம் இந்த விடுதிக்காரர்களுடையது. போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று தீர்ப்பு சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான்: உன் வீட்டு மாடி அறையை எனக்காகவே வைத்திரு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண் ஒருத்தி வாடகைக்குக் கேட்கிறாள், மாதக் கடைசிக்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். முடியாது என்று சொல்லிவிடு. பெரியவள் ஹாஸ்டல், ஹாஸ்டல் என்கிறாள். பதினேழு வயதாகியும் துவட்டிய துண்டை எங்கே போட்டோம் என்று தெரியாத பெண். அவள் உன் ஊர்க் கல்லூரியில் சேர்ந்ததும் உன் மாடியில் இருப்பாள். வாரத்தில் மூன்று நாள் நான் அங்கே அவளோடு, நான்கு நாள் வீட்டில் இவரோடும் சின்னவனோடும். பள்ளியில் என் வகுப்புகளை அந்த நான்கு நாளுக்குள் அடக்கித் தலைமையாசிரியையிடம் ஒப்புதலும் வாங்கிவிட்டேன். இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "உன்ன ரெண்டா வெட்டினா ரெண்டு பாதியும் என்கிட்டதாண்டி வந்து அழும்." அதற்கு அன்றே பதில் சொல்லியிருப்பேன். கையில் ஆதாரம் இல்லை. இப்போது இருக்கிறது. இந்த விடுமுறையே ஆதாரம்.

இங்கே ஒரே சாலைச் சந்திப்பிலிருந்து எதிரெதிர்த் திசையில் இரண்டு கேளிக்கைப் பூங்காக்கள். ஒன்றின் சின்னம் கோட்டை, இன்னொன்றின் சின்னம் திமிங்கிலம். எங்கள் வீட்டில் பெயரே அதுதான். கோட்டையில் தலைகீழாகச் சுற்றுகிற ரயில்கள். திமிங்கிலத்தில் தண்ணீர்ச் சறுக்குகள், செயற்கை அலைகள். சின்னவனுக்குக் கோட்டைதான் வேண்டும், பெரியவளுக்குத் திமிங்கிலம்தான் வேண்டும். அங்கே மூன்று நாள், இங்கே மூன்று நாள் என்றேன். "அவ மூணு நாள் தண்ணில கிடப்பா, நான் கரையில உக்காந்து துண்டு மடிக்கணுமா?" என்றான் அவன். "பதினோரு வயசுப் பையனோட கிரீடம் வச்சுக்கிட்டு ரயில்ல போறதுக்கு நான் வரல" என்றாள் அவள். இவரைக் கேட்டேன். "எதுவா இருந்தா என்ன, எல்லாம் மோட்டார்தானே" என்றார். லிஃப்ட் பழுது பார்க்கிறவரிடம் கேட்டது என் தப்பு. ஆனால் இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா, சொல்லு? பதினோரு வருடமாகப் பள்ளிக்கு நான்தான் கால அட்டவணை போடுகிறேன். பதினெட்டு வகுப்பு, இருபத்தேழு ஆசிரியர்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஓர் ஓவிய ஆசிரியர்; இதுவரை ஒரு மோதல் வந்ததில்லை. இந்த நான்கு பேர் எம்மாத்திரம்? ஓர் இரவு உட்கார்ந்தேன், முடித்தேன். சின்னவன் ஆறு நாளும் கோட்டையில், பெரியவள் ஆறு நாளும் திமிங்கிலத்தில். காலையில் இவர் அவனோடு, நான் அவளோடு. ஒரு மணிக்கு நாங்கள் இருவரும் இடம் மாறிக்கொள்வோம். இரு பிள்ளைகளுக்கும் அப்பா அரை நாள், அம்மா அரை நாள். முதல் மூன்று இரவு கோட்டை விடுதியில் தூக்கம், அடுத்த இரண்டு இரவு திமிங்கில விடுதியில். அந்த ஓர் இரவுக் குறைக்கு ஈடாகப் பெரியவளுக்குச் சன்னலோரக் கட்டில். இதை விட நியாயமாக ஒரு குடும்பம் ஊர் சுற்றியதாக நான் கேள்விப்படவில்லை.

முதல் நாள் ஒரே ஒரு சின்னச் சிக்கல். பள்ளியில் மணி அடித்தால் ஏழாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு நடக்க இரண்டு நிமிடம் போதும், அதை யாரும் அட்டவணையில் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை. இங்கேயோ இரண்டு பூங்காவின் இலவசப் பேருந்தும் அந்தச் சந்திப்பு வரைதான் வரும், எதிராளியின் வாசல் வரை போகாது. ஒருவர் முகத்தில் இன்னொருவர் விழிக்கக் கூடாது என்பதற்காக நிறுத்தங்களைக்கூடப் பத்து நிமிட நடைதூரம் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆக மொத்தம் நாற்பது நிமிடம். சரியாக ஒரு மணிக்கு நான் பெரியவளை விட்டுக் கிளம்பினேன், சரியாக ஒரு மணிக்கு இவர் சின்னவனை விட்டுக் கிளம்பினார். சந்திப்பில் சாலையைக் கடக்கும்போது எதிரே வருகிறார்.

"நீ இங்க என்ன பண்ற?"

"நீங்க இங்க என்ன பண்றீங்க? பையன் யாரோட இருக்கான்?"

"உன்னோட இருப்பான்னு நெனச்சேன். பொண்ணு?"

"உங்களோடன்னு நான் நெனச்சேன்!"

அடுத்த கணம் இருவரும் வந்த திசையிலேயே திரும்பி ஓடினோம். அவர் திரும்பச் சின்னவனிடம், நான் திரும்பப் பெரியவளிடம். நாற்பது நிமிடம் ஓடியாடி, கிளம்பிய இடத்திலேயே போய் நின்றோம். சின்னவன் எங்களைத் தேடவே இல்லை, வரிசையில் தனக்குப் பின்னால் நின்ற ஓய்வு பெற்ற தபால்காரரைத் தாத்தா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு முறை ரயிலில் போய்விட்டு வந்திருந்தான். பெரியவள், "அம்மா, போகவே இல்லையா நீ?" என்றாள். அவள் குரலில் லேசாக ஏமாற்றம் கேட்ட மாதிரி இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாளே அட்டவணையைத் திருத்திவிட்டேன். பள்ளியில் ஓர் ஆசிரியர் வராவிட்டால் மாற்று ஆசிரியரை அனுப்புவோம் இல்லையா, அந்த மாதிரி. பெரியவள் எண்பது நிமிடம் தனியாக இருப்பாள்; நான் முதலில் கோட்டைக்குப் போய் இவரை விடுவிப்பேன்; பிறகு இவர் திமிங்கிலத்துக்குக் கிளம்புவார்; மூன்றரை மணிக்கு ஒரு தடவை நான் சின்னவனைத் தபால்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத் திமிங்கிலம் போய்ப் பெரியவள் சாப்பிட்டாளா என்று பார்த்துவிட்டு ஐந்து மணிக்குள் கோட்டைக்குத் திரும்பிவிடுவேன். கேட்பதற்குக் கடினமாகத் தெரியும். செய்து பார்த்தால் வெறும் பேருந்துதான். கோட்டை வாசலில் திமிங்கிலப் படம் போட்ட துண்டை உள்ளே விடமாட்டேன் என்று காவலர் மறித்தார். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு போனேன். திமிங்கில வாசலில் கோட்டைக் கிரீடம் என் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதன் மேல் முந்தின நாள் ஈரச் சட்டையைப் போர்த்தினேன். இரண்டு பேருந்து ஓட்டுநர்களும் எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள். கோட்டைக்காரர், "அங்க கூட்டம் எப்படி மேடம்?" என்பார். திமிங்கிலக்காரர், "அங்க புதுசா ஏதாச்சும் கட்டறாங்களா?" என்பார். நான் இருவருக்கும் உண்மையைச் சொன்னேன்.

அதன் பலன் மூன்றாம் நாள் தெரிந்தது. கோட்டை மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்து, குளிர்சாதனத்தைக் கூட்டி வைத்து, டீ கொடுத்து, மிக மரியாதையாகக் கேட்டார்: "மேடம், நீங்க எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. இரண்டு கையிலும் இரண்டு பூங்காவின் கைப்பட்டை, கக்கத்தில் நேரம் குறித்த காகிதங்கள், ஒரு நாளில் நான்கு தடவை போக்குவரத்து. எதிராளி அனுப்பிய ஆள் என்று முடிவே கட்டியிருக்கிறார். நான் அட்டவணையை அவர் மேசை மேல் விரித்து, கட்டம் கட்டமாக விளக்கினேன். நிதானமாகக் கேட்டார். கடைசியில் ஒரு கட்டத்தில் விரலை வைத்து, "இதுல நீங்க எப்ப மேடம் சாப்பிடறீங்க?" என்றார். பஸ்ஸில் என்றேன். "எங்க ஊழியர்களுக்கு இப்படி ஒண்ணு போட்டா அன்னிக்கே வேலைய விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் சின்னவன் என்னிடம் ஒரு தகவல் சொன்னான். இவர் ஒரு நாள்கூட மதியம் திமிங்கிலத்துக்குப் போகவில்லையாம். மூன்றரைக்கு நான் போகும்போதெல்லாம் பெரியவள், "அப்பா இப்பதான் டீ குடிக்கப் போனார்" என்பாள், நானும் நம்பினேன். காலையிலும் அவனோடு ரயிலில் ஏறவில்லையாம். ரயிலுக்கு அடியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாராம், "பேரிங் போயிடுச்சுடா" என்றாராம், அங்கே இருந்த மெக்கானிக் ஓடி வந்து கட்டிப்பிடிக்காத குறையாக அழைத்துப் போனாராம். அன்றிலிருந்து இருவரும் பின்பக்கக் கொட்டகையில் ஒரு பழைய மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். கை முழுக்க கிரீஸ், முகம் முழுக்கச் சிரிப்பு. "உங்களுக்கு மதியம் திமிங்கிலத்துல டியூட்டி" என்றேன். "பொண்ணே வரவேணாம்னுடுச்சு. உன்கிட்ட சொல்லவேணாம்னும் சொல்லிச்சு" என்றார். மெக்கானிக் எழுந்து நின்று, "வணக்கம் மேடம், சார் இல்லன்னா இது ஓடியே இருக்காது" என்றார். ஆளுக்கொரு விதமாக விடுமுறையை அனுபவிக்கிறார்கள். அட்டவணையின் நோக்கமும் அதுதானே?

நேற்று பெரியவள் சறுக்குப் படியில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். தகவல் வந்தபோது நான் சந்திப்பில் நின்றுகொண்டிருந்தேன். உடனே பேருந்தைப் பிடித்து, ஓட்டுநரை விரட்டி, முதலுதவி அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். இப்போது சொல், இதே பெண் உன் ஊரில் தனியாக ஹாஸ்டலில் விழுந்திருந்தால் யார் இருப்பார்கள்? அதனால்தான் மாடி அறை. இந்த விடுமுறையைப் பிரித்துக்கொண்டது போலவே வாரத்தையும் மூன்று நாள், நான்கு நாள் என்று பிரித்துக்கொண்டால் எல்லோருக்கும் நான் சமமாகக் கிடைப்பேன். ஐந்து நாள் செய்து பார்த்ததை ஐந்து வருடம் செய்ய முடியாதா? அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல், மேசையைச் சன்னல் பக்கம் நகர்த்திப் போடு, எக்ஸ்ரே பெண்ணிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

அத்தானுக்கு என் வணக்கம், உனக்கு என் அன்பு. உன் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். நாளை இரவு ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: உறையில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன் அக்கா. முதலுதவி அறை விஷயத்தில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். நான் போனபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, கட்டும் கட்டிக்கொண்டு, அவளைப் போலவே வழுக்கி விழுந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மேசை மேல் அவள் நிரப்பிய படிவம் இருந்தது. ‘உடன் வந்த பெரியவர்' என்ற இடத்தில் ‘நானே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். நல்ல தெளிவான கையெழுத்து. அங்கிருந்த நர்ஸ், "பொண்ணு நல்லா இருக்கு. நீங்க மொதல்ல உக்காருங்க, மூச்சு இப்படி வாங்குது" என்று என்னைக் கட்டிலில் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். பெரியவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "எதுக்கும்மா இப்படி ஓடற?" என்றாள். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தப் படிவத்தை இன்னொரு தடவை படித்தேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. மாடி அறையை அந்த எக்ஸ்ரே பெண்ணுக்கே கொடு. இவள் ஹாஸ்டலுக்குப் போகட்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. விழுந்தால் படிவம் நிரப்பத் தெரிந்தவள். எப்போதாவது அவளாகப் பசி என்று வந்தால் சாப்பாடு போடு, நீயாகத் தேடிப் போகாதே, போனால் எனக்குப் பொறாமையாக இருக்கும். இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று பேரும் தூங்குகிறார்கள், நான் எழுப்பவும் இல்லை. நீயும் வாயைத் திறக்காதே. இவரிடம் எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், "சரி" என்பார். அவளிடம் சொன்னால் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும், அதை மறைக்க அவளுக்குத் தெரியாது. அதை நேருக்கு நேர் பார்க்க எனக்கு ஊர் போய்ச் சேரும் வரையாவது அவகாசம் வேண்டும்.