சிரிலின் டி.வி. கோட்டு

மதராஸ் டி.வி. நிலையத்திலிருந்து வந்த கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் சிரில் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை உடையைத் தவிர்க்க வேண்டுமாம். கேமராவுக்குக் கண் கூசுமாம்.

பகலில் அவர் தங்கச் சுரங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை சாயந்திரமானால் சாம்பியன் ரீப்ஸ் கிளப்பில் ஜாஸ் பாடகர். வெள்ளைக் கோட்டு, மைக்கோடு ஒட்டிய உதடு, காதோடு பேசுகிற குரல். இருபது வருடமாகப் பாடுகிறார். ஆனால் ஜோடி ஜோடியாக ஆடுகிறவர்கள் பாடுகிறவர் முகத்தை எங்கே பார்த்தார்கள்? மதராஸில் டி.வி. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் பத்து நிமிடம் பாட அழைப்பு. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. இருப்பதோ அந்த ஒரே கோட்டு.

டீத்தண்ணியில் முக்கினால் நிறம் மாறிவிடும் என்றாள் மனைவி வின்னி. மாறியது, திட்டுத்திட்டாக. சிறுத்தை தோற்றது.

திட்டை மறைக்க மைசூர் மைன்ஸ் பக்கத்துச் சாயக்காரரிடம் ஓடினார்கள். அவர் கொதிக்கிற நீலச் சாயத்தில் போட்டெடுத்தார். திட்டு போயிற்று, கூடவே கோட்டுக் கையும் சாண் நீளம் சுருங்கிப் போயிற்று.

கடைசியில் ட்ரம்பெட் வாசிக்கும் வால்டர் தன் கறுப்புக் கோட்டைக் கொடுத்தார். வால்டர் ஒருவரே இரண்டு ஆள் அகலம். மிச்சத் துணியை முதுகுப் பக்கம் மடித்து வின்னி பதினேழு ஊக்கு குத்தினாள்.

"முன்னாடி பாத்தா மாப்பிள்ளை மாதிரி கீறீங்க. திரும்பிடாதீங்க."

"மூச்சு?"

"பாத்து வுடுங்க."

மதராஸ் ஸ்டுடியோவில் முதல் பாட்டிலேயே ஓர் ஊக்கு வாயைப் பிளந்தது. குரல் மேலே ஏறும்போதெல்லாம் குத்தியது. குத்தும்போதெல்லாம் குரல் நடுங்கியது. பாட்டில் அதுவரை இல்லாத ஓர் ஏக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணில் நீர் மல்கப் பாடி முடித்தார். விளக்குப் பிடித்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். அதிகாரி ஓடிவந்து, அடுத்த மாதமும் வர வேண்டும் என்றார்.

சைதாப்பேட்டையில் வின்னியின் தங்கை ஜெயசீலி வீட்டு வாசலில் தெருவே திரண்டிருந்தது. எதிர்வீட்டு டி.வி.யில் எல்லாரும் பார்த்தார்களாம். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினாள். சிரிலுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோட்டு எப்படி இருந்தது என்று ஜெயசீலியிடம் மெல்லக் கேட்டார்.

"கோட்டா?" என்று விழித்தாள் அவள். "நீங்க பாடின நேரம் பூரா, கொளத்துல ரெண்டு வாத்து நீந்தறதத்தானே மாமா காட்னாங்க."